லேப்டாப் எந்திரிக்கலையா? முதல்ல பிள்ளையைத் திட்டாதீங்க!

"தம்பி, வீட்டுல இருக்கீங்களா? லேப்டாப் செத்துப் போச்சு."

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஊரே சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். போனில் மூணாவது மாடி அண்ணன். பின்னால் அண்ணியின் குரல், அதற்கும் பின்னால் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனின் குரல்: "நான் ஒண்ணும் பண்ணல அத்தா!"

ஜித்தாவில் இருப்பவர்களுக்கு ஷரஃபியாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: பரோட்டாக் கடை, கார்கோ ஆபீஸ், பாலிகிளினிக், ஊர்க் காய்கறி விற்கும் பகாலா என்று நம்ம ஆட்கள் நிறைந்த பகுதி. ஒரு வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால் முதலில் கடைக்கு ஓட மாட்டோம். கட்டிடத்தில் அந்த வேலை தெரிந்தவர் யார் என்று பார்ப்போம். ஏசி என்றால் இரண்டாம் மாடி மலையாளி சேட்டன். கம்ப்யூட்டர் என்றால் நான். சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்றால் பிரிண்டர் முதல் பிரிட்ஜ் வரை எல்லாம் தெரியும் என்று நம் ஊரில் நினைப்பதுதானே வழக்கம்!

போய்ப் பார்த்தேன். லேப்டாப் மூடி திறந்திருக்கிறது. திரை கறுப்பு. மின்விளக்கு எரிகிறது, உள்ளே ஃபேன் மெல்லச் சுற்றுகிறது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் பதில் இல்லை.

அண்ணன் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார். "கேம் இறக்குறேன்னு எதையோ போட்டுக் கெடுத்துட்டான். ஞாயித்துக்கிழமை ஸ்கூல்ல புராஜெக்ட் கொடுக்கணும். நேத்து நைட்டு வரைக்கும் நல்லா ஓடுச்சு." பையனின் போனும் பறிமுதல் ஆகியிருந்தது.

அண்ணி மட்டும் வேறு ஒன்று கேட்டார். "புராஜெக்ட்டைத் திரும்ப எழுதிக்கலாம் தம்பி. மாமா குரல் இதுலதான் இருக்கு. அது கிடைச்சிருமா?"

அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

அண்ணனின் அத்தா 1980களில் ஜித்தா வந்தவர். அண்ணன் எட்டு வயதில் இங்கே வரும்வரை தகப்பனைக் குரலாகத்தான் தெரியும். ஊருக்குப் போகிறவர்களிடம் பேசிப் பதிந்து கொடுத்தனுப்பும் கேசட்டுகள். வளைகுடாவில் வாழ்ந்த குடும்பங்களில் அந்தக் கேசட் கதை இல்லாத வீடு குறைவு. 2020 கொரோனாக் காலத்தில் விமானம் நின்றபோது அதே மனிதர் ஊரிலிருந்து தினமும் இரவு பேரப்பிள்ளைகளுக்குப் போனில் கதை சொன்னார். பேரன் அதையெல்லாம் பதிந்து லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தான். நாற்பதுக்கும் மேல் இருக்கும். நன்னா இப்போது இல்லை. அந்தப் பதிவுகளுக்கு வேறு எங்கும் நகல் இல்லை.

அன்று மதியத்திலிருந்து மறுநாள் காலை வரை நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். அப்டேட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் தூக்கத்திலிருந்து எழாமல் போவது பல வீடுகளில் நடப்பதுதான். உங்கள் வீட்டில் நடக்கும்போது இந்த வரிசை கைகொடுக்கும்.

தூக்கத்தில் மூணு வகை

முதலில் கம்ப்யூட்டர் எப்படித் தூங்குகிறது என்று பார்த்துவிடுவோம். பையனுக்கு நான் நம்ம தெரு மெஸ்ஸை வைத்துத்தான் சொன்னேன்.

மதியச் சாப்பாடு முடிந்து சாயங்காலம் வரை மெஸ்ஸில் ஓய்வு. பாத்திரம் எல்லாம் அடுப்பு மேலேயே இருக்கும், தீ மட்டும் சிம்மில். மாஸ்டர் வந்ததும் உடனே வேலை தொடங்கலாம். இது சாதாரண ஸ்லீப். திறந்திருந்த வேலையெல்லாம் மெமரியில் அப்படியே இருக்கும், அந்த மெமரிக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும். இதை எஸ்3 என்பார்கள்.

இரவு கடை சாத்தும்போது மாவு, குழம்பு எல்லாம் பிரிட்ஜுக்குள் போகும். அடுப்பு முழுதாக அணையும். காலையில் எடுத்து வைக்க நேரம் ஆகும், ஆனால் இரவில் கரண்ட் போனாலும் அடுப்புக்குக் கவலை இல்லை. இது ஹைபர்னேட். மெமரியில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு மின்சாரத்தை நிறுத்திவிடும்.

மூன்றாவது வகை புதுசு. மாஸ்டர் கல்லாப்பெட்டி பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். பார்த்தால் தூங்குகிற மாதிரி. ஆனால் போனில் ஆர்டர் வந்தால் எடுத்துவிடுவார். இதுதான் மாடர்ன் ஸ்டாண்ட்பை. செல்போன் மாதிரி, திரை அணைந்தாலும் உள்ளே கம்ப்யூட்டர் பாதி விழிப்பில் இருக்கும். 2012இல் வந்த விண்டோஸ் 8 காலத்தில் வேறு பெயரில் தொடங்கியது. இன்று கடையில் வாங்கும் விண்டோஸ் லேப்டாப்புகளில் நிறைய இந்த வகைதான்.

எழும்போது என்ன நடக்கிறது? திரை, வைஃபை, டிஸ்க், யுஎஸ்பி என்று ஒவ்வொரு பாகத்தையும் அதன் டிரைவர் மென்பொருள் தட்டி எழுப்ப வேண்டும். பத்துப் பேரில் ஒருவர் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லாமல் இருந்தாலே போதும், மற்ற ஒன்பது பேரும் நின்றுவிடுவார்கள். அப்டேட் வந்தால் டிரைவர்கள் மாறுகின்றன. புது டிரைவருக்கும் உங்கள் லேப்டாப்பின் பயாஸுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், பகலெல்லாம் வேலை நன்றாக ஓடும், தூங்கி எழும்போதுதான் சண்டை தெரியும். அதனால்தான் "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான்.

மயக்கமா, கண் மட்டும் திறக்கலையா?

கறுப்புத் திரை என்றதும் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கேப்ஸ் லாக் பட்டனை அழுத்துங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்து அணைகிறதா?

எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் விழித்துவிட்டது, திரைதான் வரவில்லை. இவற்றைச் செய்து பாருங்கள்:

வெளிச்சம் கூட்டும் பட்டனை அழுத்துங்கள். அடுத்து விண்டோஸ் பட்டனோடு பி (P) அழுத்துங்கள். படம் டிவிக்குப் போக வேண்டும் என்று பழைய அமைப்பு இருந்தால் அது மாறும். பிறகு விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். திரைக்கான டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கச் சொல்லும் கட்டளை இது. திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது. ஒரு பீப் சத்தம் வரலாம், திரை ஒரு முறை மின்னலாம். இதற்கும் வரவில்லை என்றால் எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்துப் பாருங்கள். இருட்டில் திரை மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பிரச்சினை திரையின் பின்விளக்கில்; அது மெக்கானிக் வேலை.

விளக்கு அசையவே இல்லையென்றால் உள்ளே முழுதாக உறைந்துவிட்டது. பவர் பட்டனைப் பத்து முதல் முப்பது விநாடி வரை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். எல்லாம் அணைந்ததும் சார்ஜர், மவுஸ், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒரு நிமிடம் விட்டு, சார்ஜரை மட்டும் மாட்டி, ஆன் செய்யுங்கள். சேமிக்காமல் திறந்து வைத்திருந்த வேலை இதில் போய்விடும். அதனால்தான் இது கடைசி வழி.

அண்ணன் வீட்டில் விளக்கு அசையவில்லை. அழுத்திப் பிடித்தேன். அணைந்தது. ஆன் செய்தோம். லோகோ வந்தது. பின் நம்பர் கேட்டது. வீட்டில் எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

திறந்ததும் முதல் வேலை ரிப்பேர் இல்லை

அண்ணன் உடனே "செட்டிங்ஸ் போய் சரி பண்ணிருங்க தம்பி" என்றார். நான், "முதல்ல ஒரு ஹார்ட்டிஸ்க் கொடுங்கண்ணே" என்றேன். நோயாளி கண் திறந்ததும் பேச வேண்டியதைப் பேசிவிடணும். நன்னாவின் பதிவுகள், புராஜெக்ட், குடும்பப் புகைப்படங்கள், பாஸ்போர்ட், இகாமா ஸ்கேன் எல்லாம் வெளி டிஸ்குக்கு ஏறிய பிறகுதான் வேறு எதையும் தொட்டேன்.

அடுத்து ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணே, பிட்லாக்கர் ரிகவரி கீ இருக்கா?"

"அது என்னது?"

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நம்மில் பலருக்கு இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

புது விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடும். திருடன் டிஸ்கைக் கழற்றிக் கொண்டுபோனாலும் படிக்க முடியாது. நல்ல விஷயம்தான். அந்தப் பூட்டுக்கு 48 இலக்கச் சாவி ஒன்று உண்டு. சாதாரண நாட்களில் அது கேட்காது. பயாஸ் மாறினால், சேஃப் மோடுக்குப் போனால், சில சமயம் அப்டேட்டுக்குப் பிறகும் கேட்கும். கேட்கும்போது சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பதை மைக்ரோசாஃப்ட்டாலும் எடுத்துத் தர முடியாது.

சாவி எங்கே இருக்கும்? முதன்முதலில் எந்தக் கணக்கில் லேப்டாப்பை அமைத்தார்களோ, அந்தக் கணக்கில்.

அண்ணனுடைய லேப்டாப்பை அமைத்தது வாங்கிய கடையில் இருந்த ஆள். "ஈமெயில் இல்லாம ஓபன் ஆகாது பாய்" என்று அவரே ஒரு ஈமெயில் உருவாக்கி, பின் நம்பர் மட்டும் எழுதிக் கொடுத்தாராம். நாலு வருஷத்துக்கு முன்னால். அந்த ஈமெயிலின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அந்த ஆள் இப்போது அந்தக் கடையிலும் இல்லை. அதாவது, நன்னாவின் குரல் இருக்கும் பெட்டிக்கான சாவி முன்பின் தெரியாத ஒருவரின் பெயரில் இருந்தது. அன்று அவசரப்பட்டு நான் பயாஸ் அப்டேட்டில் கை வைத்திருந்தால், 48 இலக்கம் கேட்டு நீலத் திரை வந்திருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இது ஏதோ சின்ன வீட்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்ற நாள். பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. இந்தியாவில் விமானப் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சரிசெய்யும் முறை சில மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் சேஃப் மோடுக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே பல இடங்களில் பிட்லாக்கர் சாவி கேட்டது. தனியாக ஐடி துறை வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளே சாவி தேடி அலைந்தன.

நாங்கள் என்ன செய்தோம்? அண்ணன் பெயரில், அண்ணன் போன் நம்பரோடு ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கி, அதில் லேப்டாப்பை நுழைய வைத்தோம். டிவைஸ் என்க்ரிப்ஷனை ஒரு முறை ஆஃப் செய்து, அது முடியும் வரை பொறுத்து, மறுபடி ஆன் செய்தோம். போனில் அதே கணக்கின் பக்கத்தைத் திறந்து, டிவைஸ் பகுதியில் புதுச் சாவி வந்திருப்பதைக் கண்ணால் பார்த்தோம். அண்ணி அதைக் காகிதத்தில் எழுதி, இகாமா நகல்கள் இருக்கும் ஃபைலில் வைத்தார்.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பது

மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தோம். மறுபடி கறுப்பு. நல்லது. "ஏன் அங்கிள் நல்லதுன்னு சொல்றீங்க?" என்றான் பையன். எப்போதாவது வரும் பழுதைப் பிடிப்பது கஷ்டம். கூப்பிட்டால் வரும் பழுதைப் பிடித்துவிடலாம்.

அவனிடம் ஒரு நோட்டுக் கொடுத்தேன். "நாம என்ன மாத்துறோம், என்ன ஆச்சுன்னு நீ எழுது. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும்தான் மாத்தணும்." மூணு விஷயத்தை ஒன்றாக மாற்றி, சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து.

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று தேடினால் ஒரு நாட்காட்டி வரும். எந்த நாளில் எந்த மென்பொருள் ஏறியது, எது விழுந்தது என்று தேதி, நேரத்தோடு காட்டும். நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் டைரி அது. அதிகம் பேருக்குத் தெரியாது. ஈவென்ட் வியூவர் என்று இன்னொன்று இருக்கிறது. அதில் கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் ஒரு பிழை வரும். அதைப் பார்த்துப் பயந்து மதர்போர்டு மாற்றியவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் முறைப்படி அணையவில்லை என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்வதில்லை. நாம் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலே அது வரும்.

டைரியில் வியாழக்கிழமை இரவைப் பார்த்தோம். விண்டோஸ் அப்டேட் ஒன்று, அதோடு திரைக்கான டிரைவர் ஒன்று. நேரம் இரவு 11:52.

கேம் எதுவும் இல்லை.

பையன் மெதுவாகச் சொன்னான். "அத்தா, நான் பத்து மணிக்கே ஃபிரெண்டு வீட்டுக்குப் படிக்கப் போயிட்டேன். புராஜெக்ட் ரிப்போர்ட் ஓபன்ல இருந்துச்சு. வந்து பாத்தா மூடி இருந்துச்சு."

அண்ணன் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "ஆபீஸ் மெயில் பாக்கத் திறந்தேன். கீழே என்னவோ ரீஸ்டார்ட் கேட்டுச்சு. சரின்னு கொடுத்தேன். எல்லாம் முடிஞ்சு வந்ததும் மூடி வச்சுட்டுப் படுத்துட்டேன்" என்றார்.

சேமிக்காமல் இருந்த ரிப்போர்ட்டின் கடைசி ஒன்றரைப் பக்கம் போயிருந்தது. அதைப் போக்கியதும் அந்த ரீஸ்டார்ட்தான். காலையிலிருந்து திட்டு வாங்கிய பையனுக்குத்தான் நஷ்டமே.

அறையிலிருந்த பறிமுதல் போனை எடுத்து வந்து மகனிடம் நீட்டினார் அண்ணன். "என் மேலதான்டா தப்பு. கேக்காமத் திட்டிட்டேன்." அவன் "பரவால்ல அத்தா" என்றான். அண்ணி சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

நோட்டில் எழுதியவை

முதல் சோதனை: லேப்டாப் எந்த வகைத் தூக்கம் தூங்குகிறது? ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற எழுத்துகளை ஒட்டி, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, ஏ என்று அடித்தால் சொல்லிவிடும். எஸ்0 என்று வந்தது. அரைத்தூக்க மாஸ்டர்.

முதல் மாற்றம்: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்தோம். இது என்னவென்றால், விண்டோஸ் 8 முதல் பல கம்ப்யூட்டர்களில் ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் திறப்பதற்காக உள்மையத்தை டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. அதனால் பழைய கோளாறும் அப்படியே திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். "அணைச்சு அணைச்சுப் பாத்துட்டேன், சரியாகல" என்பவர்கள் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். எங்களுக்குப் பலன் இல்லை. மறுபடி கறுப்பு. பையன் எழுதினான்: "மாற்றம் 1, தோல்வி."

இரண்டாவது மாற்றம்: டிவைஸ் மேனேஜர் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர் பகுதியில் இருப்பதை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், அதில் டிரைவர், அதில் ரோல்பேக் டிரைவர். அதாவது பழைய டிரைவருக்கே திரும்பு. அந்தப் பட்டன் சில லேப்டாப்பில் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும். அப்படியானால் லேப்டாப் செய்த கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து, அவர்கள் தரும் டிரைவரை ஏற்றுங்கள். மூன்றாம் ஆட்களின் 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருள் பக்கம் போகவே வேண்டாம்.

ரீஸ்டார்ட். மூடினோம். ஐந்து நிமிடம். திறந்தோம். திரை வந்தது.

பையன் துள்ளினான். நான், "இன்னும் முடியல" என்றேன். சில மணி நேரம் ஆனாலோ, பேட்டரி ஓரளவு இறங்கினாலோ பல லேப்டாப்புகள் ஸ்லீப்பிலிருந்து தானாக ஹைபர்னேட்டுக்குப் போய்விடும். ஐந்து நிமிடத் தூக்கம் வேறு, இரவுத் தூக்கம் வேறு. அதனால் மூணு சோதனை: ஐந்து நிமிடம் சார்ஜரோடு, அரை மணி நேரம் சார்ஜர் இல்லாமல், கடைசியாக இரவு முழுக்க. குட்டித் தூக்கத்தில் எழுந்து, இரவுத் தூக்கத்தில் எழவில்லை என்றால் பிரச்சினை ஹைபர்னேட்டில் என்று தெரிந்துகொள்ளலாம்.

இரவு மூடி வைத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். "அங்கிள், எந்திரிச்சிருச்சு!" என் மனைவி பதறிப்போய் "யாருடா எந்திரிச்சது?" என்று கேட்டார்.

இதற்கும் எழவில்லை என்றால்

எங்களுக்கு இரண்டாவது மாற்றத்திலேயே சரியானது. உங்களுக்கு ஆகவில்லை என்றால் அடுத்தடுத்து:

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி போய், கடைசியாக வந்த அப்டேட்டை அன்இன்ஸ்டால் செய்து பாருங்கள். பெரிய பதிப்பு மாற்றமாக இருந்தால், ரிகவரி பகுதியில் முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வழி இருக்கும். அது பொதுவாகப் பத்து நாள்தான். தள்ளிப் போடாதீர்கள்.

வைஃபை, யுஎஸ்பி பாகங்களுக்கு டிவைஸ் மேனேஜரில் பவர் மேனேஜ்மென்ட் பகுதி இருந்தால், மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றாக.

லோகோவே தாண்டவில்லை என்றால், லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்தி அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. இது சேஃப் மோடு. இங்கே பிட்லாக்கர் சாவி கேட்கலாம், தயாராக இருங்கள்.

பயாஸ் அப்டேட் எல்லாவற்றுக்கும் பிறகு. சார்ஜர் மாட்டியபடி, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு.

எதுவும் ஆகவில்லை, நேரமும் இல்லை என்றால் ஒரு தற்காலிக வழி: மூடியை மூடினால் ஸ்லீப் என்பதை ஹைபர்னேட் என்று மாற்றிவிடுங்கள். எழ அரை நிமிடம் கூடும், ஆனால் பிழைப்பு ஓடும்.

"இனிமே அப்டேட்டே வேணாம், ஆஃப் பண்ணிருங்க" என்று அண்ணனும் சொன்னார். அதை மட்டும் செய்யாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் பிரிட்டன் மருத்துவமனைகள் வரை முடக்கியது. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அப்டேட்டை நிறுத்துவதைவிட நேரத்தை நாம் தேர்ந்தெடுப்பது நல்லது. விண்டோஸில் சில வாரங்கள் தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது. பரீட்சை வாரத்திலும், விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் நாளிலும் அப்டேட் வேண்டாம். பயணத்துக்குப் பையில் வைக்கும்போது ஸ்லீப்பும் வேண்டாம், ஷட்டவுன் கொடுங்கள். அரைத்தூக்க லேப்டாப் பைக்குள்ளேயே விழித்துச் சூடாகும். நம்ம ஊர் வெயிலில், காரில் வைத்துவிட்டுப் போனால் கேட்கவே வேண்டாம்.

இந்த வாரக் கடைசிக்கு ஒரு மணி நேரம்

இதைப் படிக்கும் உங்களில் பலர் அண்ணனைப் போல வெளிநாட்டில் வளர்ந்து, இப்போது அங்கேயே பிள்ளை வளர்ப்பவர்கள். உங்கள் அப்பா அம்மாவின் குரலும் புகைப்படமும் ஏதோ ஒரு லேப்டாப்பில்தான் இருக்கும். இந்த வாரம் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து மூணு வேலை செய்யுங்கள்.

ஒன்று, லேப்டாப் யார் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். கடைக்காரர் கணக்கென்றால் இன்றே மாற்றுங்கள். இரண்டு, 48 இலக்கச் சாவியைக் காகிதத்தில் எழுதிப் பாஸ்போர்ட் ஃபைலில் வையுங்கள். மூன்று, திரும்பக் கிடைக்காத கோப்புகளுக்கு இன்னொரு நகல் எடுங்கள். வேறு டிஸ்கில் ஒன்று, முடிந்தால் ஊரில் உறவினர் வீட்டில் ஒன்று.

அப்புறம், ஏதாவது கெட்டுப்போனால் "யாரு பண்ணினா?" என்று ஆரம்பிக்காமல் "எப்ப ஆச்சு, அதுக்கு முன்னாடி என்ன மாறுச்சு?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பிள்ளைகள் பயந்து மறைப்பார்கள். இரண்டாவது கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்வார்கள். என் வேலையில் பாதி இந்த இரண்டாவது கேள்விதான்.

சனிக்கிழமை இரவு அண்ணன் வீட்டில் சாப்பாடு. பையன் போன ஒன்றரைப் பக்கத்தை மறுபடி எழுதி முடித்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பைத் திறந்து ஒரு பதிவை ஓடவிட்டான். ஜித்தா வந்த முதல் வாரம் வழி தெரியாமல் சுற்றிய கதையை நன்னா சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் இருமல், பின்னால் ஊர்க் காக்கைச் சத்தம், "கேக்குதா ராசா?" என்று ஒரு கேள்வி.

"கேக்குது நன்னா" என்று பதிவுக்குள்ளே ஐந்து வருஷத்துக்கு முந்தைய சின்னக் குரல் ஒன்று சொன்னது. அது தன் குரல்தான் என்று தெரிந்து பையன் சிரித்தான். அண்ணன் இன்னொரு தடவை போடச் சொன்னார்.